உக்கிரபாண்டி அடித்த இரும்பு

கோயம்புத்தூர்
22.8.1982

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும், ஒச்சாயி வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். விடுதிச் சாப்பாடும் நானும் மெல்ல மெல்லச் சமாதானமாகி வருகிறோம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கரும்பு வண்டி மாடுகள் சுகமா?

நிற்க. மாமா, இது உங்களிடம்தான் கேட்க வேண்டிய விஷயம். இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் எல்லோருக்கும் கொல்லுப் பட்டறை வேலையும் ஒரு பாடம். இரும்பு எப்படி இளகும், எப்படி இறுகும் என்று கைக்குத் தெரிய வேண்டுமாம். ஏப்ரலில் பரீட்சை. ஒரு எஃகுக் கம்பியைக் கொடுப்பார்கள். அதை உலையில் காய்ச்சி அடித்து ஒரு பஞ்ச் செய்ய வேண்டும். விரல் நீளத்தில், நுனி கூராக இருக்கும் கருவி அது. இரும்புத் தகட்டில் வைத்துச் சுத்தியலால் தட்டினால் பொட்டு விழும். செய்து முடித்ததை அங்கேயே தகட்டில் அடித்துப் பார்ப்பார்கள். நுனி மழுங்கினாலும் உடைந்தாலும் ஃபெயில்.

எங்கள் வகுப்பில் பெண்கள் நான்கு பேர். பட்டறை சார் நல்லவர்தான். ஆனால் முதல் நாளே, “பொண்ணுங்க அந்த பெஞ்சுல உக்காந்து பாருங்கம்மா. உங்க கம்பிய அட்டெண்டர் அடிச்சுக் குடுத்துருவாரு. பாஸ் மார்க் போட்டுர்றேன்” என்றார். மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“என்னம்மா, பெஞ்சுல ஆணி இருக்கா?”

“நானே அடிக்கிறேன் சார்.”

“நீயே அடிச்சா, அடிச்சதுக்குத்தான் மார்க்கு. அப்புறம் வந்து அழக்கூடாது.”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. “ஒரு பாடத்துல போனாலும் பொட்டியக் கட்டிட்டு ஊருக்கு வந்துரணும்” என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டார். கணக்கும் மற்றதும் எனக்குப் பயமில்லை. இந்த ஒன்றுதான்.

நம் கருப்பன் கோயிலில் இருக்கும் ஆள் உயர அரிவாளை நீங்கள் அடித்த கதையை, என்னைத் தோளில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! அப்படிப்பட்ட கைக்கு இந்தப் பஞ்ச் எம்மாத்திரம்? எவ்வளவு காய்ச்ச வேண்டும், எப்படித் தண்ணீரில் தோய்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள்.

அத்தையின் கருவாட்டுக் குழம்பை நினைத்தபடி,
ஒச்சாயி

*

அலங்காநல்லூர்
2.9.1982

என் மருமகள், நாளைய இன்ஜினியர், செல்வி ஒச்சாயிக்குத் தாய்மாமன் உக்கிரபாண்டி ஆயிரத்தெட்டு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தை இருளாயியும் மாடுகளும் பரம சௌக்கியம். முழங்கால் வலி என்னைக் கண்டு பயந்து பக்கத்து வீட்டுக்காரனிடம் போய்விட்டது. அங்கு நீயும் உன் புத்தகங்களும் சௌக்கியமா?

நிற்க. உன் கடிதத்தை டீக்கடையில் உரக்கப் படித்தேன். ஒரு நூறு பேர் கேட்டிருப்பார்கள். ஓடுகிற பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி வந்து கேட்டார். “கோயமுத்தூர் காலேஜே நம்ம உக்கிரபாண்டிகிட்ட யோசனை கேக்குதப்பா” என்று ஊரே பேசுகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற காரணம் உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு வாத்தியார் என்னைப் பார்த்து, இவனுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் சரக்கு இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் நான் சொல்வதைக் கவனமாகக் கேள்.

கம்பியை உலையில் வை. சிவந்ததும் எடுத்துவிடாதே. சிவப்பு என்பது இரும்பு கண் விழிப்பது. மஞ்சளானாலும் எடுக்காதே. அது பல் விளக்குவது. பௌர்ணமி நிலா மாதிரி வெள்ளை வெளேரென்று ஆக வேண்டும். அப்போதுதான் இரும்பு வேலைக்குக் கிளம்பியது என்று அர்த்தம். நான் அரிவாள் அடித்த அன்று அந்த வெளிச்சத்தைப் பார்த்து, விடிந்துவிட்டது என்று பாலமேடு வரைக்கும் சேவல் கூவியது. அடித்த பிறகு அப்படியே முழுசாகப் பச்சைத் தண்ணீரில் போடு. தீர்ந்தது.

நேற்று உன் அப்பா கோச்சடையிலிருந்து வந்திருந்தார்.

“என்ன மாப்ள, நம்ம புள்ள இரும்பு அடிக்கப் போகுதாம்ல? ஆகுற காரியமா?” என்றார்.

“மச்சான், அது என் மருமக. அது கையாலயே அடிச்சுப் பாஸாகும். ஆகலேன்னா இந்த மீசைய எடுத்துர்றேன்.”

“எந்த மீசைய?”

“நல்லாப் பாருங்க மச்சான், மூஞ்சியில ஒண்ணுதான் இருக்கு.”

ஆகவே உன் படிப்பும் என் மீசையும் இப்போது ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருக்கின்றன. தைரியமாக அடி.

மீசையுடனும் பாசத்துடனும்,
உக்கிரபாண்டி

(இன்லேண்ட் மடிப்பில், வேறு கையெழுத்தில்)

தாயி, அத்தை எழுதுறேன். உங்க மாமா இதுவரைக்கும் அடிச்சது வெத்தலை உரல்ல பாக்குதான். அவரு பேச்சைக் கேட்டு எதையும் நெருப்புல போட்டுறாத. வெவரம் தெரிஞ்சவுககிட்டக் கேட்டுச் செய்யி.

*

கோயம்புத்தூர்
3.10.1982

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். நலம். அங்கு மழை உண்டா? இங்கே தினம் சாயங்காலம் தூறுகிறது.

நீங்கள் சொன்னபடியே வெள்ளை வெளேரென்று காய்ச்சினேன். நீங்கள் சொன்ன வெளிச்சம் வந்தது மாமா. கம்பியை வெளியே எடுத்ததும் கார்த்திகைக்குக் கொளுத்துகிற மத்தாப்பூ மாதிரி நுனியிலிருந்து பொறி பொறியாகச் சிதறியது. பெஞ்சில் இருந்த மூன்று பேரும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒரு அடி அடித்தேன். நுனி எள்ளுருண்டை மாதிரி உதிர்ந்துவிட்டது. எஃகு கருகிவிட்டது என்றார் சார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“இப்படிக் காய்ச்சச் சொல்லி யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

நான் வாயைத் திறக்கவில்லை. வேறு கம்பி கொடுத்திருக்கிறார். பழகுவதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தையிடம், இனிமேல் மடிப்பையும் முதலிலேயே படித்துவிடுவேன் என்று சொல்லுங்கள்.

கை கழுவியும் கரி போகாத,
ஒச்சாயி

*

அலங்காநல்லூர்
28.11.1982

வீட்டுக்கு விளக்கான மருமகளுக்கு மாமன் எழுதுவது. அனைவரும் சுகம், சுகம், சுகம். பதில் போடத் தாமதமானதால் நீ கலங்கியிருப்பாய். எனக்கு ஓய்வு இல்லை தாயி. விவரம் கீழே.

முதலில் ஒன்று. வெள்ளையாகக் காய்ச்சு என்று நான் எழுதியது அரிவாளுக்கு. பஞ்ச் பச்சைக்குழந்தை. அதற்கு அவ்வளவு சூடு ஆகுமா? என் மருமகளுக்குச் சுயபுத்தி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அப்படி எழுதினேன். இருக்கிறது. மகிழ்ச்சி.

வாடிப்பட்டி ரோட்டில் சின்னான் என்று ஒருவன் பட்டறை வைத்திருக்கிறான். மாட்டு லாடம், கலப்பைக் கொழு எல்லாம் அடிப்பான். “அண்ணே, நீங்க வந்து நின்னாத்தான் என் பட்டறை பட்டறையா இருக்கும்” என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். போகட்டும் என்று தினமும் போய் நிற்கிறேன். பட்டறையில் காற்று சம்பந்தப்பட்ட இலாகா முழுவதும் என் பொறுப்பு.

இனி எழுதுவதை மனப்பாடம் செய்துகொள். கம்பி கோவைப்பழ நிறத்துக்கு வந்தால் போதும். வெயிலில் வைத்துப் பார்த்தால் அந்த நிறம் தெரியாது, ஏமாற்றும். நிழலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நிறம் மங்கியதும் அடிப்பதை நிறுத்தி மறுபடி உலையில் வை. மங்கின இரும்பை அடித்தால் உள்ளுக்குள்ளே விரிசல் விடும், வெளியே காட்டாது. நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அடித்தால்தான் நுனி நேராக இறங்கும். ஒரே பக்கம் அடித்தால் வாத்து மூக்கு மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு விஷயம். இந்தப் பட்டறையில் சம்மட்டி அடிப்பது சின்னானின் மனைவி ராமக்காள். அவன் காய்ந்த கம்பியைக் குறடால் பிடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டி இடம் காட்டுவான். அந்த இடத்திலேயே அவள் சம்மட்டியைப் போடுவாள். தோடு ஆடும், கொண்டை அவிழாது. தெருவில் போகிறவனோடு வாய்ச் சண்டை போட்டுக்கொண்டே அடிப்பாள், குறி மட்டும் தவறாது. உன் சாரிடம் இதைச் சொல்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று யோசிக்காதே. இடது கையாலும் எழுதிப் பழகுகிறேன். பெரிய மனிதர்களுக்கு அது தேவைப்படும்.

இரண்டு கையாலும் ஆசீர்வதிக்கும்,
உக்கிரபாண்டி

(மடிப்பில்)

தாயி, காத்து இலாகான்னா துருத்தி இழுக்கிறது. உன் லெட்டரு வந்த அன்னிக்கிச் சாப்பிடல மனுசன். “புள்ளயக் கெடுத்துட்டேனே இருளாயி”ன்னு ஒரே வார்த்தை. மறுநா வெள்ளன வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போயி சின்னான் பட்டறையில நின்னாரு. கறுப்பா இருக்கு, ஆறிப்போச்சுன்னு நெனச்சு சுடுகம்பியக் கையாலயே எடுத்துட்டாரு. சோத்துக்கை கொப்புளம். நாந்தான் ஊட்டி விடுறேன். நல்லாத்தான் இருக்கு.

*

கோயம்புத்தூர்
12.12.1982

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும், ஒச்சாயியின் நமஸ்காரம். இடது கைக்கும் சேர்த்து.

கோவைப்பழ நிறம்! எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள்! எங்கள் உலை ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் எனக்கு நிறமே பிடிபடாமல் இருந்தது. ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டேன். சார் ஒரு நிமிஷம் என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் இன்னொரு ஜன்னலுக்கும் சாக்கு வந்துவிட்டது.

ஆனால் மாமா, ராமக்காள் என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிறாரா? கோபிக்காதீர்கள். பாலமேட்டுச் சேவல்கள் மாதிரி இதுவும் ஒன்றோ என்று நினைத்தேன். இருப்பது உண்மையென்றால், எப்படி நிற்கிறார், எங்கே பிடிக்கிறார், எப்படி ஓங்குகிறார் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். பத்து அடி அடித்தால் எனக்குத் தோள் கழன்று போகிறது.

கைப்புண்ணுக்கு மஞ்சளோடு தேங்காய் எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள். யாருக்கு என்று எழுதவில்லை. வீட்டில் யாருக்காவது இருந்தால்.

ஒச்சாயி

*

அலங்காநல்லூர்
5.1.1983

சந்தேகப் பிராணியான மருமகளுக்கு, சத்தியம் தவறாத மாமன் எழுதுவது. அனைவரும் நலம். கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. பொங்கலுக்கு நீ வரவில்லை என்பதால் உன் பங்குக் கரும்பை நானே தின்றுவிடுகிறேன்.

ராமக்காள் இருக்கிறாள் தாயி. நம் கருப்பன் அறிய இருக்கிறாள். உலகத்தில் நான் பார்த்ததை அப்படியே எழுதிய ஒரே சமாச்சாரம் அதுதான், அதைப் போய்ச் சந்தேகப்படுகிறாய். உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“தோளு கழலுதாமா? அப்ப அந்தப் புள்ள தோளாலதானே அடிக்குது? தோளு எதுக்கு? சேலை போட. கால அகட்டி நின்னு இடுப்பத் திருப்பச் சொல்லுங்கண்ணே. ஓங்குறதுதான் நம்ம வேலை. எறங்குறது சம்மட்டி வேலை. அது வேலைய அது பாக்கட்டும், கூடச் சேந்து அமுக்கக் கூடாது.”

“அம்புட்டுத்தானா?” என்றேன்.

“அம்புட்டுத்தேன். நீங்களுந்தேன் ரெண்டு வாரமா அமுக்குறீக. எங்க கேக்குறீக?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

நிற்க. இப்போது காற்று இலாகாவை விட்டுவிட்டு நானே பஞ்ச் அடிக்க இறங்கிவிட்டேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கிறேன். பார்த்தவர்கள் மிஷினில் செய்ததா என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு சிரமம். என் பஞ்ச்சுகளுக்கு ரோஷம் அதிகம். கோவைப்பழமாகக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, எடுத்துத் தகட்டில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் நுனி பட்டென்று தெறித்துப் போய்விடுகிறது. இரும்பு அவ்வளவு கெட்டி. நாலைந்து இப்படிப் போயிற்று. ஒன்று தெறித்துப் போய்ச் சின்னானின் தூக்குச்சட்டியில் விழுந்தது.

சின்னானுக்கு என்மேல் எவ்வளவு மரியாதை என்று பார். நுனி தெறிக்கும்போது பக்கத்தில்தான் நிற்கிறான். ஆனால் ஒரு வார்த்தை சொல்வதில்லை. “எல்லாம் தெரியும்னு மொத நாளே சொல்லிட்டீகளேண்ணே. தெரிஞ்சவுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?” என்று பீடியைப் பற்ற வைத்துக்கொள்கிறான். அவ்வளவு அடக்கம்.

உன் அப்பா சந்தைக்கு வரும்போதெல்லாம் பட்டறையில் எட்டிப் பார்க்கிறார். நேற்று என் மீசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மச்சான்?”

“ஒண்ணுமில்ல மாப்ள. எடுத்தா எப்படி இருப்பேன்னு பாத்தேன்.”

பொங்கல் வாழ்த்தோடும், கரியோடும்,
உக்கிரபாண்டி

*

கோயம்புத்தூர்
20.1.1983

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். ராமக்காள் அக்காவிடம், தோள் கழல்வது நின்றுவிட்டது என்று சொல்லுங்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி எழுந்து வந்துவிட்டாள். தேனிப் பக்கத்துப் பெண். இப்போது நான் குறடு பிடிக்க, அவள் சம்மட்டி போடுகிறாள். அவள் முறை வரும்போது நான் போடுகிறேன். “கொண்டை அவிழக்கூடாது” என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்கிறோம்.

மாமா, தோய்ச்சல் பற்றி நீங்கள் முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தது எவ்வளவு உதவியாக இருந்தது தெரியுமா? எந்தக் கடிதம் என்று இப்போது தேடினால் கிடைக்கவில்லை. எங்கள் லைப்ரரிப் புத்தகம் ஒன்றிலும் அப்படியே போட்டிருக்கிறது. அதனால் மறக்காமல் இருக்க நீங்கள் எழுதியதை நானே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

முழுசாகத் தண்ணீரில் போடக் கூடாது. அப்படிப் போட்டால் கண்ணாடி மாதிரி இறுகி, தட்டினால் தெறிக்கும். நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுக்க வேண்டும். எடுத்த கையோடு நுனியைச் செங்கல் துண்டில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்க வேண்டும். பின்னால் உடம்பில் மிச்சமிருக்கும் சூடு நுனியைப் பார்த்து மெதுவாக நடந்து வரும். பளிச்சென்ற இடத்தில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம். அது கொஞ்சம் முற்றி, பழைய வைக்கோல் மாதிரி ஆகும்போது முழுசாகத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். ஊதா வரும்வரை விட்டால் நுனி மெத்தென்று ஆகிவிடும்.

இப்படித்தானே எழுதியிருந்தீர்கள்?

உங்கள் மாணவி,
ஒச்சாயி

*

அலங்காநல்லூர்
14.2.1983

என் அருமை மருமகளுக்கு மாமன் எழுதுவது. நலம். உன் நலமே என் நலம்.

ஆமாம். அப்படித்தான் எழுதியிருந்தேன். ஒரு எழுத்துத் தப்பில்லை. நான் எழுதியதை நானே மறந்துபோகிற அளவுக்கு வேலை. நல்லவேளை நீ ஞாபகப்படுத்தினாய்.

நேற்றுப் பட்டறையில் நான் சொன்னபடியே நான் செய்தேன். நுனியைத் தொட்டு எடுத்தேன், செங்கலில் தேய்த்தேன். மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது தாயி அந்த நிறம். அறுவடை முடிந்த களத்தில் சாயங்கால வெயில் படுகிற மாதிரி, ஒரு கோடு, மெதுவாக, நடந்து வந்தது. இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதுவே அவ்வளவு அழகு.

தண்ணீரில் போட்டேன். எடுத்துப் பழைய லாடத்தில் வைத்துத் தட்டினேன். பொட்டு விழுந்தது. இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. லாடத்தில் இடமே இல்லாமல் அடித்துவிட்டேன். நுனி அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு எடுத்து வந்து தண்ணீர்க் குடத்தில் உன் அத்தை பேரைப் பொட்டுப் பொட்டாக அடித்தேன். குடம் ஒழுகுகிறது. பரவாயில்லை.

நீயும் பொட்டு வைப்பாய்.

உன் ஆசிரியரும் மாமனுமாகிய,
உக்கிரபாண்டி

(மடிப்பில்)

தாயி, நானும் நேத்துப் பட்டறைக்குக் கஞ்சி கொண்டு போயிருந்தேன். பொட்டு விழுகவும் சின்னான் பீடியக் கீழ போட்டுட்டான். “அண்ணே, இந்தப் பக்குவத்த நீங்க கேப்பீகன்னு இத்தன நாளாக் காத்துக்கிட்டிருந்தேன். கேக்காமலே புடிச்சிட்டீகளே, யாரு சொல்லிக் குடுத்தா?”ன்னான். நான், இப்ப ஆரம்பிக்கப் போறாருடா சாமின்னு தலையில கை வச்சேன். உங்க மாமா அந்தப் பஞ்ச்ச வேட்டியில தொடச்சுக்கிட்டே, “என் மருமக. கோயமுத்தூர்ல படிக்குது”ன்னு மட்டும் சொன்னாரு. வேற ஒரு வார்த்தை சேத்துச் சொல்லல. எனக்குத்தான் பயமாப் போச்சு, ஒடம்புக்கு என்னமோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தேன்.

குடம் போனது போனதுதான்.

*

கோயம்புத்தூர்
24.4.1983

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும், ஒச்சாயி ஓடி வந்து எழுதுவது. நலம் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் மீசை பிழைத்தது!

பரீட்சை முடிந்தது. அன்னக்கொடி சம்மட்டி போட்டாள். கோவைப்பழம் வரும்வரை காத்திருந்தேன். நாலு பக்கமும் திருப்பி அடித்தேன். நுனி நேராக இறங்கியது. நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்தேன். செங்கலில் தேய்த்துவிட்டுப் பார்த்தால் நிறமே வரவில்லை. போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். “பொறுடி, நடந்துல்ல வரணும்” என்றாள் அன்னக்கொடி. பொறுத்தேன். வந்தது. நீங்கள் எழுதிய அதே களத்து வெயில்.

சார் அதை வாங்கி நகத்தில் உரசிப் பார்த்தார். தகட்டில் வைத்து அவரே தட்டினார். ஒரு பொட்டு. பலமாக இன்னொன்று. பிறகு என்ன தோன்றியதோ, அவர் பேரின் முதல் எழுத்தையே பொட்டுகளால் வைத்துப் பார்த்தார். நுனி அசையவில்லை.

“யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

போன வருஷம் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை வாயைத் திறந்தேன்.

“எங்க மாமா சார்.”

“கொல்லரா?”

“ஆமா சார். எங்க ஊர்க் கோயில் அரிவாளே அவர் அடிச்சதுதான்.”

“அதான பாத்தேன்” என்றார். நல்ல மார்க். அடுத்த வருஷம் வரும் பெண்களுக்கு அந்த பெஞ்ச் கிடையாதாம். கரி மூட்டை வைக்க எடுத்துக்கொண்டார்கள்.

மற்றப் பரீட்சைகளும் முடிந்துவிட்டன, நன்றாகவே எழுதியிருக்கிறேன். மே பத்தாம் தேதி வாக்கில் ஊருக்கு வருகிறேன். என் பஞ்ச்சை உங்களிடம் கொடுக்க வேண்டும். கருப்பன் கோயிலுக்குப் போய் அந்த ஆள் உயர அரிவாளை இனிமேல் ஒரு கொல்லர் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். நீங்கள்தான் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

உங்கள் ஒச்சாயி

*

அலங்காநல்லூர்
2.5.1983

வெற்றிவாகை சூடிய மருமகளுக்கு, மீசை முளைத்த மாமன் எழுதிக்கொண்டது. முளைத்த என்று ஏன் எழுதினேன் என்றால், உன் கடிதம் வந்த பிறகு அது தானாகவே ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டது. நாங்கள் யாவரும் சுகம். வெயில்தான் கொளுத்துகிறது.

உன் அப்பா வந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை என்னைப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் மீசையைப் பார்த்து, “இருக்கட்டும் மாப்ள. உன் மூஞ்சிக்கு அதாவது இருக்கட்டும்” என்றார். அடுத்த வருஷப் படிப்புக்கு உனக்குப் புது டிரங்குப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். நான் சொன்னதாகச் சொல்லாதே.

நிற்க. கோயில் அரிவாள் சம்பந்தமாகச் சில விவரங்கள். அங்கே நேர்ந்துகொண்டவர்கள் வைத்த அரிவாள்கள் காடு மாதிரி நிற்பது உனக்குத் தெரியும். என்னுடையதைக் கண்டுபிடிக்க நீ சிரமப்படக் கூடாது என்று எழுதுகிறேன். இடது ஓரம், வேப்பமரத்துப் பக்கம். ஆள் உயரம் என்று நான் சொன்னது உண்மை. எந்த ஆள் என்று நான் சொல்லவில்லை. அதோடு பதினெட்டு வருஷ வெயிலும் மழையும் இரும்பைச் சும்மா விடுமா? சுருங்கி இப்போது ஒரு முழம் இருக்கிறது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அது காற்று. துரு இல்லாமல் பளபளவென்று இருப்பதைப் பார்த்து நீ ஆச்சரியப்படலாம். நான் தேர்ந்தெடுத்த இரும்பு அப்படி.

ஒரு விஷயத்தை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. பெருமை அடித்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது என்பதால். அந்த அரிவாளை நான் அடித்தது நீ பிறந்த அன்றைக்கு. அக்காவுக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று கேட்ட நிமிஷமே உலை மூட்டினேன். அதனால்தான் அதன் பிடியோரம் உன் பேரைப் பொட்டுப் பொட்டாக அடித்திருக்கிறேன். என் பேர் இல்லை. உன் பேர் மட்டும்தான்.

வந்து பார்.

வழி மேல் விழி வைத்த,
உக்கிரபாண்டி

(மடிப்பில்)

தாயி, அது போன வெள்ளிக்கிழமை அடிச்சது. ராமக்காதான் சம்மட்டி. சின்னான்கிட்ட இந்தத் தடவ எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் செஞ்சாரு. ஆனா அந்தப் பொட்டு அம்புட்டும் அவரே ஒத்தையில உக்காந்து வச்சது. யாரையும் கிட்ட விடல. ‘ச்’சுக்கு மேல உள்ள புள்ளி மட்டும் கை நழுவி ரெண்டாத் தெரியும்.

நீ பொறந்து, மாசிக்குக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயித்தான் உனக்குப் பேரே வச்சாக. அதுவரைக்கும் மூணு மாசம் வெறும் பாப்பாதான். இது அவருக்கு இன்னும் நெனவுக்கு வரல. நீ எதும் கேட்டுறாத.

*

(தபால் கார்டு)

கோயம்புத்தூர்
7.5.1983

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். நலம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருகிறேன். கருவாட்டுக் குழம்பு.

மாமா, அந்த அரிவாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சின்ன வயதில் உங்கள் தோளில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பொட்டுகளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். ‘ச்’சுக்கு மேலே மட்டும் புள்ளி இரண்டாக விழுந்திருக்கும்.

ஒச்சாயி